குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வருகிறது: டிஸ்சார்ஜுக்கு முந்தைய வாரத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் மகள் 30 வாரத்தில் பிறந்தாள். எடை 1,240 கிராம். 47 நாள் என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்துவிட்டு, 1,900 கிராமாக வீட்டுக்கு வந்தாள். அந்த 47 நாளும் "எப்ப டாக்டர் வீட்டுக்கு அனுப்புவீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் நான்தான். "நாளை மறுநாள் கூட்டிட்டுப் போகலாம்மா" என்று அவர் சொன்னதும் வயிற்றைக் கலக்கியதும் எனக்குத்தான். அவள் மூச்சு சரியாக இருக்கிறதா என்பதை அதுவரை தலைமாட்டில் இருந்த மானிட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் அது கிடையாது. திரையைப் பார்த்தே பழகிய கண், குழந்தையின் நெஞ்சையும் நிறத்தையும் பார்க்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. உங்கள் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் இதிலிருந்து மாறுபட்டு ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். ஒவ்வொரு குறைமாதக் குழந்தையின் கதையும் வேறு.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய வாரம்

எடை மட்டும் கூடினால் அனுப்பிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பார்ப்பது வேறு சில விஷயங்களும்தான். இன்குபேட்டரோ வார்மரோ இல்லாமல் குழந்தை தன் உடல் சூட்டைத் தானே வைத்துக்கொள்கிறதா, ட்யூப் இல்லாமல் வாயால் முழுப் பாலையும் குடிக்கிறதா, தொடர்ந்து சில நாள் எடை ஏறுகிறதா, மூச்சு நின்று போகும் நிகழ்வு இல்லாமல் சில நாள் கடந்ததா என்று பார்க்கிறார்கள். அம்மாவுக்குக் கைப்பழக்கம் வந்துவிட்டதா என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 1,600 முதல் 1,800 கிராம் வரை வந்ததும் இதையெல்லாம் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள்.

அதனால் அந்த வாரம் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். சிஸ்டரிடம் கேட்டு எல்லாவற்றையும் உங்கள் கையால் செய்யுங்கள். பாலாடையில் (பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில்) பால் கொடுப்பது, துணி மாற்றுவது, அக்குளில் தெர்மாமீட்டர் வைப்பது, மருந்தைச் சிரிஞ்சில் அளந்து எடுப்பது, எல்லாமே. அப்பாவும் செய்யட்டும். தாய்மார்களுக்கான அறையில் குழந்தையோடு இரண்டு இரவாவது தங்க இடம் கிடைத்தால் விடாதீர்கள். நாங்கள் அப்படித் தங்கிய முதல் இரவில், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுத்து, பீய்ச்சி, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும் என்பது புரிந்தது. வீட்டுக்குப் போய் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் உடைந்து போயிருப்பேன்.

இன்னொன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள்: மூச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று பொம்மையை வைத்துச் சொல்லித் தரச் சொல்லுங்கள். உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்துவிட்டாலே பெரும்பாலும் மூச்சு திரும்பும். திரும்பாவிட்டால் நெஞ்சை எந்த இடத்தில், எத்தனை விரலால் அழுத்துவது, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி எப்படி ஊதுவது என்பதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கையால் செய்து பார்த்தால்தான் வரும். வீட்டில் இரவில் கூட இருக்கப் போகிறவரும் கற்றுக்கொள்ளட்டும்.

வீட்டில் என்ன தயார் செய்வது

பொருள் அதிகம் தேவையில்லை. நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, பாலாடை இரண்டு, பருத்தித் தொப்பி நான்கைந்து, காலுறை, முன்பக்கம் திறக்கும் சட்டைகள், கொசுவலை. சட்டைகளைத் துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் அளவு பெரிதாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அறையை ஒழுங்கு செய்வதுதான் முக்கியமான வேலை. குழந்தை இருக்கும் அறையில் பெரியவர்களுக்கு லேசாக வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். 26 முதல் 28 டிகிரி என்றால் சரி. ஃபேன் காற்றும் ஏ.சி. காற்றும் நேராக மேலே படக்கூடாது. கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சிகரெட் புகை இந்த மூன்றுக்கும் அந்த வீட்டிலேயே இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தை வந்த பிறகு சொன்னால் சண்டையாகிவிடும்.

ஆக்சிஜனோடு வீட்டுக்கு வரும் குழந்தை என்றால் கரண்ட் போகும் நேரத்துக்கு மாற்று சிலிண்டர் இருக்க வேண்டும். விளக்கு, அடுப்பு, கற்பூரம் எதுவும் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது.

கிளம்பும் நாள்

முடிந்தால் காலையில் கிளம்புங்கள். ஏதாவது சந்தேகம் வந்தால் அன்று பகலிலேயே போன் செய்து கேட்க முடியும். மருந்துகளை ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்; சில சொட்டு மருந்துகள் ஊர்ப்பக்கம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பாட்டிலையும் சிஸ்டரிடம் காட்டி, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று பாட்டில் மேலேயே எழுதி வாங்குங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து பல செறிவுகளில் வருகிறது. ஒரு கம்பெனி மருந்தில் 1 மில்லியில் இருக்கும் அளவு இன்னொன்றில் சில துளிகளிலேயே இருக்கும். கடைக்காரர் வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்தால் பழைய அளவையே ஊற்றிவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் பிறந்த வாரம், எடை, எத்தனை நாள் ஆக்சிஜன், தலை ஸ்கேன் முடிவு, கண் பரிசோதனை எப்போது நடந்தது, அடுத்தது எந்தத் தேதி என்பதெல்லாம் இருக்கிறதா என்று வாசலைத் தாண்டுமுன் படித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனை என்றால் தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுபோய் விட 102 ஊர்தி இலவசமாகவே உண்டு, கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, முகம் மூடாமல், தாடை நெஞ்சில் மடங்காமல் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதல் இரவு

யாரும் தூங்க மாட்டீர்கள். அதைச் சொல்லிவிடுவது நல்லது. குறைமாதக் குழந்தை தூக்கத்தில் முனகும், முக்கும், நெளியும், கீச்சென்று சத்தம் போடும். வேகமாக நாலு மூச்சு விட்டு, 5 முதல் 10 வினாடி நிறுத்தி, மறுபடி விடும். நிறம் மாறாமல் தானே தொடர்ந்தால் இந்த வயதில் அது இயல்பு. 20 வினாடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடம்பு துவண்டாலோ இயல்பில்லை. முதல் சில நாள் நெஞ்சைத் திறந்து பார்த்து, கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகுங்கள். அமைதியாக இருக்கும்போது 60க்குள் இருக்க வேண்டும். உங்கள் குழந்தையின் வழக்கமான எண்ணிக்கை தெரிந்துவிட்டால், மாறும்போது உடனே பிடிபடும்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள், தட்டையான, அழுத்தமான படுக்கையில். என்.ஐ.சி.யு.வில் குப்புறப் போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மானிட்டர் இருந்தது, வீட்டில் கூடாது. தலையணை, பக்கத்தில் அண்டக்கொடுக்கும் துணிமூட்டை எதுவும் வேண்டாம்.

சேலைத் தூளி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நானும் தூளியில் வளர்ந்தவள்தான். ஆனால் தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும். கழுத்து நிற்காத குறைமாதக் குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டினால் மெல்லிய மூச்சுக்குழல் அடைபடும். துணி முகத்தை மூடினால் விலக்கத் தெரியாது. கழுத்து நின்ற பிறகு, டாக்டரைக் கேட்டுவிட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சூடும் கங்காரு முறையும்

தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் சூடு சட்டென்று போய்விடும். சூடு போனால் அதைத் திரும்பப் பெற உடம்பு குடித்த பாலையெல்லாம் செலவழிக்கும், எடை ஏறாது. அக்குள் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி: புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லென்று இருந்தால் அது ஆபத்து. நம் ஊர் கோடையில் இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: மூன்று சுற்றுத் துணியில் சுற்றி வியர்க்கவிடுவார்கள். நமக்குப் போதுமான துணிக்கு மேல் ஒரு சுற்று, ஒரு தொப்பி, அவ்வளவுதான்.

சூட்டுக்கு அம்மாவின் நெஞ்சைவிட நல்ல இடம் இல்லை. குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்வதைத்தான் கங்காரு முறை என்கிறார்கள். 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் போகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கார் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. பற்றாக்குறைக்காக வந்தது இன்று பணக்கார நாடுகளிலும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரமாவது, முடிந்தால் அதற்கு மேலும் செய்யச் சொல்கிறது. வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, தவளைபோல் கைகால் மடங்கியிருக்க, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் தெரியும்படி வையுங்கள். மேலே மெல்லிய சேலையால் இறுக்கமாகக் கட்டி, அதன்மேல் சட்டை. சாய்வாக உட்கார்ந்துகொள்ளுங்கள். என் கணவர் இரவு 10 மணியிலிருந்து 1 மணி வரை அவளைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு விழித்திருப்பார். அந்த 3 மணி நேரம்தான் நான் தூங்கியது. ஆண் எப்படிச் செய்வது என்று வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் அவர் நெஞ்சில் கண்ணயர்ந்ததைப் பார்த்த பிறகு யாரும் பேசவில்லை. குழந்தையை நெஞ்சில் வைத்திருப்பவர் மட்டும் தூங்கிவிடக் கூடாது. கண் சொக்கினால் படுக்கையில் போட்டுவிடுங்கள்.

கனமாக வளர்ந்ததும் அதுவே நெளிந்து, காலை உதைத்து வெளியே வரப் பார்க்கும். அப்போது நிறுத்தினால் போதும்.

பால்

"பசித்தால் அழும்" என்பது குறைமாதக் குழந்தைக்குப் பொருந்தாது. அழத் தெம்பில்லாமல் தூங்கிக்கொண்டே இருக்கும். மணி பார்த்து எழுப்பிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 25 மில்லி என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் அளவு உங்கள் குழந்தையின் எடைக்குத் தகுந்தபடி இருக்கும். எழுப்புவதற்குத் துணியை விலக்கி, உள்ளங்காலை லேசாகச் சுரண்டினால் போதும்.

முதலில் மார்பில் போடுங்கள். 10, 15 நிமிடம் சப்பிவிட்டுக் களைத்துவிட்டால், பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் கொடுங்கள். மடியில் தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டின் ஓரத்தில் வைத்து, சிறிது சிறிதாகச் சாய்த்து, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. தூங்கும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பாலாடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் 10 நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். புட்டிப்பால் சுலபம் என்று பலர் சொல்வார்கள். ரப்பர் காம்பைச் சுத்தம் செய்வது கடினம், குழந்தை மார்பை மறக்கும் வாய்ப்பும் உண்டு. நான் வாங்கவில்லை.

பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜின் உள்ளே பின்பக்கத்தில் 24 மணி நேரம். கதவில் வைக்காதீர்கள். எடுத்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றுங்கள், அடுப்பில் வைக்க வேண்டாம். தாய்ப்பாலில் கலக்கச் சத்துப் பவுடர் எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன அளவுக்கு ஒரு சிட்டிகைகூட மாற்றக் கூடாது.

பால் போதுகிறதா? ஒரு நாளைக்கு 6 முறைக்கு மேல் சிறுநீர் போனால், வாரம் 150 முதல் 200 கிராம் எடை ஏறினால், போதுகிறது. தினமும் எடை பார்க்காதீர்கள், ஒரு நாள் ஏறாவிட்டால் மனசு கெட்டுப்போகும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், அதே நேரத்தில் பாருங்கள். இரும்புச் சத்து மருந்து தொடங்கியதும் மலம் கருப்பாகப் போகும். அதைப் பார்த்து நான் நள்ளிரவில் அழுதிருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

குளியல், எண்ணெய், சாம்பிராணி

இங்கேதான் வீட்டுப் பெரியவர்களோடு உரசல் வரும். அவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பழகிய முறைகள் மூன்று கிலோ குழந்தைக்கானவை.

2 கிலோவாவது தாண்டி, டாக்டர் சொல்லும்வரை குளிப்பாட்ட வேண்டாம். வெந்நீரில் நனைத்த துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து, உடனே உலர்த்தி, நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு குளிப்பாட்டும்போதும், காலில் குப்புறப் போட்டு மூக்கிலும் காதிலும் ஊதுவது, விரலை விட்டுச் சளி எடுப்பது, மூக்கை நீவி நிமிர்த்துவது எதுவும் கூடாது. மூக்கில், காதில், தொப்புளில் எண்ணெய் விடக்கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாகிவிடும். சாம்பிராணிப் புகை, மாதக்கணக்கில் ஆக்சிஜனில் இருந்த நுரையீரலுக்குக் கெடுதல். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். கண்ணுக்கு மையும் வேண்டாம். திருஷ்டிக்குப் பாதத்தின் அடியில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சரி என்றதும் தேங்காய் எண்ணெயை மென்மையாகத் தடவலாம், அதை எங்கள் அத்தையிடமே விட்டுவிட்டேன்.

ஒரு யோசனை: முதல் ரிவ்யூவுக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிப் போங்கள். மருமகள் சொன்னால் கேட்காததை டாக்டர் வாயால் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். அத்தை அன்றே சாம்பிராணிக் கரண்டியைப் பரண்மேல் போட்டார்.

பார்க்க வருகிறவர்கள் விஷயத்தில் முதல் மூன்று மாதம் கண்டிப்பாக இருங்கள். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர் யாரானாலும் வாசலோடு. நமக்கு வெறும் ஜலதோஷமாக வரும் கிருமி இந்தக் குழந்தையை மறுபடி ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோகும். தூக்குபவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவட்டும், முத்தம் வேண்டாம். பெயர் சூட்டு விழாவைத் தள்ளி வையுங்கள்.

கண் பரிசோதனை

இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் பத்தாம் மாதத்தை ஒட்டித்தான் வளர்ந்து முடிகின்றன. குழந்தை முன்னதாகப் பிறந்துவிட்டால், மீதி வளர்ச்சி வெளியே நடக்கிறது. அது தாறுமாறாகப் போனால் விழித்திரையை இழுத்துப் பிய்த்து, பார்வையையே பறித்துவிடும். ஆர்.ஓ.பி. என்று டாக்டர்கள் சொல்வது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் கண் முத்துப்போல இருக்கும், ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் பொதுவாக 30 வாரம் அல்லது 1,500 கிராம் வரை பிறந்த குழந்தைகளுக்குப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் வருவதால், 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லோருக்கும் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே.

முதல் பரிசோதனை சரியாக இருந்ததும் முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன, இனி வர வேண்டாம் என்று கண் டாக்டர் சொல்லும்வரை ஒவ்வொரு தேதிக்கும் போக வேண்டும். எங்கள் மகளுக்கு ஆஸ்பத்திரியில் இருமுறை பார்த்தார்கள். மூன்றாவது தேதி 56ஆம் நாள், வீட்டுக்கு வந்த 9ஆம் நாள். அன்று அமாவாசை, பச்சைக் குழந்தையை வெளியே எடுக்காதீர்கள், அடுத்த வாரம் போகலாம் என்றார்கள். நானும் பாதி மனசாக இருந்தேன். கணவர் பிடிவாதமாகக் கிளப்பினார். அன்றுதான் இரண்டாம் நிலை என்று தெரிந்தது. பிறகு வாரம் ஒருமுறை போனோம், லேசர் இல்லாமலே தானாக அடங்கியது. அடங்காத குழந்தைகளுக்கு லேசரோ ஊசியோ இரண்டு, மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். அங்கே ஒரு வாரம் என்பது பார்வையின் விலை.

போகும்போது: பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பாலை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாந்தி எடுக்கும். பாவை விரிய சொட்டு மருந்து விடுவார்கள். குழந்தை வீறிட்டு அழும். முடிந்ததும் நெஞ்சில் போட்டுப் பால் கொடுங்கள்.

காதும் தடுப்பூசியும்

என்.ஐ.சி.யு.வில் இருந்த குழந்தைக்குச் சாதாரணக் காது பரிசோதனையோடு பெரா பரிசோதனையும் (சத்தம் காதிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது) தேவை. மூன்று மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்திப் பேச்சைக் காப்பாற்ற முடியும். அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு: 6, 10, 14 வாரம். சின்னதாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசி நாள் டிஸ்சார்ஜை ஒட்டி வந்தால் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்வது நல்லது, ஒன்றிரண்டு நாள் மூச்சைக் கவனிக்க முடியும்.

எப்போது ஓட வேண்டும்

பாலை இரண்டு வேளை தொடர்ந்து மறுத்தால். எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால். மூச்சு 60க்கு மேல் ஓடினால், விலாவுக்குக் கீழ் குழி விழுந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால். உதடு நீலமானால். நெஞ்சில் வைத்திருந்தும் உடம்பு சூடாகாவிட்டால், அல்லது காய்ச்சல் அடித்தால். வலிப்பு, வயிறு உப்பல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள். தொடை இடுக்கில் திடீரென்று ஒரு வீக்கம் தெரிந்து குழந்தை விடாமல் அழுதால் குடலிறக்கமாக இருக்கலாம், அதற்கும் உடனே போக வேண்டும். 108க்குப் பேசும்போது "குறைமாதக் குழந்தை, இத்தனை எடை" என்று முதலிலேயே சொல்லுங்கள். பச்சிளங் குழந்தைக்கான ஆம்புலன்ஸ் தனியாக உண்டு.

எதுவும் குறிப்பாகச் சொல்லத் தெரியாமல், "இன்னைக்கு இவ சரியில்லை" என்று மட்டும் தோன்றினாலும் போங்கள். நானும் ஒருமுறை அப்படிப் போனேன், ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். டாக்டர் கோபப்படவில்லை.

உங்களையும் கவனியுங்கள்

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், பாத்திரம் கழுவும்போது எங்கோ ஒரு 'பீப்' சத்தம் கேட்டு உடம்பெல்லாம் நடுங்கியது. பக்கத்து வீட்டு மைக்ரோவேவ். என்.ஐ.சி.யு.வில் நாள் கழித்த பெற்றோர் பலருக்கு இப்படி நடக்கிறது. குழந்தைமேல் ஒட்டுதல் வராத மாதிரி இருப்பது, காரணமில்லாமல் அழுகை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கணவரையும் கேளுங்கள், அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

வேலைக்குப் போகும் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: முதல் இரண்டு குழந்தைகளுக்கான 26 வார மகப்பேறு விடுப்புக்கு மேல், குறைப்பிரசவத்தால் உண்டான உடல்நலக் குறைவுக்குச் சான்று கொடுத்தால் ஒரு மாதம் வரை கூடுதலாகச் சம்பளத்தோடு விடுப்பு பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. பலருக்கு இது தெரியாமலே போகிறது.

வயதை எண்ணும் விதம்

எங்கள் மகள் 10 வாரம் முன்னதாகப் பிறந்தாள். அவளுக்கு ஐந்து மாதம் ஆனபோது, வளர்ச்சியைப் பார்க்கும் கணக்கில் வயது இரண்டரை மாதம்தான். சிரிப்பு, கழுத்து நிற்பது, குப்புற விழுவது எல்லாவற்றையும் இந்தத் திருத்திய வயதில்தான் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரை. திட உணவு தொடங்குவதையும் இதை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். திருத்திய வயதில் இரண்டு மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, கை எப்போதும் முஷ்டியாகவே இருக்கிறது, கால் விறைப்பாக இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பகாலச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம்.

டிஸ்சார்ஜ் தாள், கண் பரிசோதனைக் குறிப்புகள், தலை ஸ்கேன், பெரா முடிவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கிட்டப்பார்வை வர வாய்ப்பு அதிகம் என்பதால், பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதிலும் கண் டாக்டர் அந்த ஃபைலைத்தான் முதலில் கேட்பார்.